பழைய ஃபெல்ட் தொப்பி வீட்ல கெடக்கா? எந்தக் காலத்துதுன்னு கண்டுபிடிக்க, சேத்து வைக்க முழு வழிகாட்டி

ஃபெல்ட்டுங்கது முடியயோ கம்பளியயோ நெய்யாம அமுக்கிப் பின்ன வச்ச துணி. நம்ம நெல்லைச் சீமைல போயி ஃபெல்ட் தொப்பியா, இந்த வெயில்ல எவன் போட்டிருப்பான்னு நிறைய பேரு கேக்காங்க. போட்டிருக்காங்க. கொழும்புல கடை வச்சிருந்தவங்க, கப்பல்ல தூத்துக்குடி வந்து எறங்குன கிளார்க்குமாரு, ரங்கூன் போயிட்டு வந்தவங்க, மாஞ்சோலை எஸ்டேட்ல ஆபீஸ் வேலை பாத்தவங்க, விக்கிரமசிங்கபுரம் மில்லுல தொரைமாருக்குக் கீழ இருந்தவங்க, நாசரேத்து மெஞ்ஞானபுரம் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் குடும்பங்க, இப்படி எத்தனையோ வீட்டு மச்சுல ஒரு ட்ரங்குப் பெட்டி இருக்கும், அதுக்குள்ள ஒரு கோட்டு, ரெண்டு டை, அடியில நசுங்கிப் போயி ஒரு தொப்பி. வீட்டு ஆளுங்க அத "தொரை தொப்பி"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருவாங்க. அப்பறம் வெள்ளையடிக்க ஆள் வரும்போது பழைய இரும்புக்காரன்ட்ட போயிரும்.

நான் பாளையங்கோட்டைல இருக்கேன், பதினோரு வருஷமா இத சேக்கேன். இப்பம் கையில 23 தொப்பி இருக்கு. இந்த வழிகாட்டில நான் திரும்பத் திரும்ப சொல்லப் போறது ஒண்ணுதான்: தொப்பிய துடைக்கதுக்கு முன்னாடி படிக்கணும். அது எந்தக் காலத்துதுங்கது வெளிய தெரியுத அழகுல இல்ல, உள்ள மறைஞ்சு கெடக்குத சின்னச் சின்ன காயிதத்துலயும் நூல்லயும் இருக்கு.

முதல் வேலை: கை வைக்காதீங்க

எங்க தாத்தா தொப்பி கெடச்ச அன்னைக்கு நான் செஞ்ச தப்ப மொதல்ல சொல்லிருதேன். சாம்பல் கலரு, உள்ள சுத்தி ஓடுத தோல்பட்டை எல்லாம் கருத்துப்போயி பூஞ்சை பிடிச்சிருந்துச்சு, நான் ஆசையா ஒரு ஈரத்துணிய எடுத்து நல்லா அழுத்தித் தொடச்சேன். தங்க எழுத்துல ஒரு கடைப் பேரு இருந்திருக்கு, பாதி துணியோட வந்துட்டு. அதோட லைனிங்ல, அதாவது உள்பக்கத்துத் துணில, ஒட்டியிருந்த ஒரு சின்ன விலைச்சீட்டும் கூழாப் போச்சு. அந்தச் சீட்டுல என்ன எழுதியிருந்துச்சுன்னு இனிமே யாருக்கும் தெரியாது, இன்னைக்கு வரைக்கும் எனக்கு மனசு ஆறல.

அதனால தொப்பி கையில வந்ததும் தட்டாதீங்க, தொடைக்காதீங்க, தலையில வச்சு செல்ஃபி எடுக்காதீங்க. காலைல சன்னல் பக்கத்துல ஒரு வெள்ளை வேட்டிய விரிச்சு அதுமேல வைங்க. மேல, கீழ, நாலு பக்கம், உள்ளன்னு எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுங்க. எழுத்து மங்கலா இருந்தா டார்ச்ச நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சு எடுங்க, தங்கம் உதிர்ந்துபோனாலும் அச்சு அமுங்குன பள்ளம் நெழலா தெரியும். எங்க தாத்தா தொப்பில மீதி எழுத்த நான் படிச்சதே இப்படித்தான்.

கைக்கு ரப்பர் கிளவுஸ் போட்டுக்கிடுங்க, இது சும்மா சொல்லுத பேச்சு இல்ல. முயல் முடிய ஃபெல்ட்டா திரிக்கதுக்கு அந்தக் காலத்துல பாதரச உப்பு போட்டு பதப்படுத்துனாங்க, முடியோட செதில் எந்திரிச்சு நின்னாத்தான் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிடும், அதுக்குத்தான். அந்த ஆவிய வருஷக்கணக்கா இழுத்த தொழிலாளிங்களுக்கு கை நடுக்கம் வந்து புத்தி பேதலிச்சுப் போச்சு. அமெரிக்காவுல தொப்பித் தொழில்ல பாதரசத்த 1941 டிசம்பர்ல நிறுத்துனாங்க. மத்த நாட்டுத் தொப்பிக்கு இந்த வருஷத்த நம்பாதீங்க. பழைய ஃபெல்ட்டுல பாதரசம் மிச்சம் இருக்கும்னே வச்சுக்கிட்டு வேலை பாருங்க: தொட்டா கை கழுவணும், காத்தோட்டமான இடத்துல வச்சுப் பாக்கணும், பச்சப்பிள்ளைங்க தலையில வைக்கக் கூடாது.

இது ஃபெல்ட்டுதானா?

நம்ம ஊர்ல "தொரை தொப்பி"ன்னு வாரதுல நெறைய நெட்டித் தொப்பிதான், அதாவது சோலா தொப்பி. நெட்டிமாலை செய்வாங்கள்ல, அதே நெட்டியில செஞ்சு மேல காக்கித்துணி ஒட்டுனது. விரலால தட்டுனா டொக்குன்னு கேக்கும், மடங்காது. அது வேற கூட்டம், அத இங்க விட்டுருதேன்.

ஃபெல்ட்ல ரெண்டு சாதி. முயல், காட்டுமுயல், பீவர் இதுகளோட முடியில செஞ்சது ஒண்ணு, ஆட்டுக் கம்பளில செஞ்சது இன்னொண்ணு. முடி ஃபெல்ட்டு மெல்லிசா இருக்கும், ஆனா அடர்த்தி, விரலால லேசா கிள்ளி விட்டா பைய பழைய வடிவத்துக்கு வந்துரும், தடவுனா நல்ல சந்தனத்த அரைச்சுத் தொட்ட மாதிரி ஒரு வழவழப்பு. கம்பளி ஃபெல்ட்டு சொரசொரன்னு தடிமனா, மழைல நனைஞ்சா சுருங்கி தொளதொளன்னு ஆயிரும். நாலஞ்சு தொப்பிய தொட்டுட்டீங்கன்னா கை தானா சொல்லிரும். விலையும் மதிப்பும் முடி ஃபெல்ட்டுக்குத்தான், ஆனா கம்பளித் தொப்பிக்கு ஒரு கதை இருந்தா தூக்கிப் போடாதீங்க.

எஸ்டேட் குடும்பங்கள்ட்ட ஒரு விசேஷமான சாமான் கெடைக்கும், டெராய் தொப்பின்னு பேரு. அகலமான பிரிம் (தொப்பியச் சுத்தி வெளிய நீளுத விளிம்பு), சிலதுல ஃபெல்ட்டு ரெண்டு அடுக்கா இருக்கும், ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகுன மாதிரி, நடுவுல காத்து நின்னு வெயில தாங்கும். அத டபுள் டெராய்னு சொல்லுவாங்க. கூர்க்கா பட்டாளத்துக்காரங்க போடுத தொப்பியும் இந்த டெராய் வகைதான். ரெண்டு அடுக்கப் பாத்துட்டு யாரோ ரெண்டு தொப்பிய சேத்து ஒட்டிட்டாங்கன்னு பிரிச்சுராதீங்க, ஒருத்தர் அப்படிப் பிரிச்சத நான் பாத்திருக்கேன்.

தலைகீழா திருப்புங்க

இப்பம் உள்ள பாருங்க. மூணு இடத்துல எழுத்து இருக்கும்: தோல்பட்டைல அச்சு, லைனிங் நடுவுல கம்பெனி முத்திரை, சில சமயம் லைனிங் ஓரத்துல வித்த கடைப் பேரு. செஞ்ச கம்பெனியும் வித்த கடையும் வேற வேறங்கத மறக்காதீங்க, ரெண்டையும் தனித்தனியா எழுதிக்கிடுங்க.

கம்பெனிப் பேரு தெரிஞ்சா ஒரு வேலி போட்டுறலாம். ஸ்டெட்சன் 1865ல பிலடெல்பியாவுல ஆரம்பிச்சது, அந்த ஊரு தொழிற்சாலைய 1971ல மூடிட்டாங்க, அதுக்குப் பொறவு வந்தது லைசென்ஸ் வாங்கி வேற கம்பெனி செஞ்சது. ஸ்டெட்சன்ல எக்ஸ் எக்ஸ்னு தரத்துக்கு குறி போடுவாங்க, மூணு எக்ஸ், அஞ்சு எக்ஸ்னு. காலம் போகப் போக எக்ஸ் எண்ணிக்கை கூடிட்டே போச்சு, அதால பழைய மூணு எக்ஸ்ஸயும் புதுசு மூணு எக்ஸ்ஸயும் ஒண்ணா வச்சு மதிப்புப் போடக் கூடாது. போர்சலினோ இத்தாலில அலெசாந்திரியா ஊர்ல 1857ல வந்தது. "ஃபூ லாசரோ"ன்னு முத்திரை இருந்தா அது அதே குடும்பத்து சொந்தக்காரர் தனியா நடத்துன கம்பெனி, போலின்னு நெனச்சு ஒதுக்கிராதீங்க. மேலரி கம்பெனிய ஸ்டெட்சன் 1946ல வாங்கிருச்சு. நாக்ஸ், டன்லப், டாப்ஸ், கவனா இந்த நாலும் 1932ல ஹேட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கான்னு ஒரே குடைக்குக் கீழ வந்துட்டு. ரெசிஸ்டால் பேரு 1927ல டெக்சாஸ்ல ஆரம்பிச்ச கம்பெனியோடது, ஆஸ்திரேலியாவோட அக்குப்ராங்கத பேரு 1912ல இருந்து.

நம்ம பக்கம் அமெரிக்கத் தொப்பிய விட இங்கிலாந்துத் தொப்பிதான் ஜாஸ்தி. லண்டன் லாக் அண்ட் கோ 1676ல இருந்து இருக்கு, கிறிஸ்டிஸ் 1773. இவ்வளவு நீள ஆயுசு இருக்க கம்பெனின்னா பேர வச்சு மட்டும் ஒண்ணும் சொல்ல முடியாது. அங்க அரண்மனை முத்திரைய பாருங்க, அரண்மனைக்கு சாமான் கொடுக்குத கம்பெனிங்க போட்டுக்கிடுதது. "மன்னருக்கு நியமனம் பெற்றவர்"னு இங்கிலீஷ்ல போட்டிருந்தா பழைய தொப்பில அது 1901ல இருந்து 1952க்குள்ள உள்ள வாசகம் (2022ல இருந்து மறுபடியும் மன்னர்தான்), இரண்டாம் எலிசபெத் ராணி பேரு இருந்தா 1952க்கு முந்தி இருக்கவே முடியாது. "காலஞ்சென்ற மன்னர்"னு ஒரு வார்த்தை கூட இருந்தா அதையும் விடாம படிங்க, அந்த மன்னர் செத்ததுக்குப் பொறவு அச்சடிச்சது, கணக்கே மாறிரும்.

தோல்பட்டைய மடக்கிப் பாக்கது

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம், பாதி பேரு இங்க வரைக்கும் வாரதே இல்ல. தோல்பட்டைங்கது நெத்தில படுத பட்டை, அதோட அடி ஓரம் மட்டும்தான் தொப்பியோட தச்சிருக்கும், மேல் ஓரம் சும்மாதான் நிக்கும். அத பைய, ரொம்பப் பைய, ரெண்டு விரலால வெளிய மடக்கணும். தோலு காஞ்சு அப்பளம் மாதிரி இருந்தா மடக்காதீங்க, ஒடைஞ்சிரும், போன் கேமராவ உள்ள சாய்ச்சு விட்டு போட்டோ மட்டும் எடுங்க.

உள்ள பொதுவா பின்பக்கத்துல, தையல் சேருத எடத்துல, ஒரு சின்னக் காயிதச் சீட்டு இருக்கும். சைஸ் நம்பரும் ஆர்டர் நம்பரும் போட்டிருக்கும். இத பிய்க்காதீங்க, ஒட்டு விட்டுப்போயி தொங்குனா அப்படியே அந்த எடத்துலயே திரும்ப சொருகி வைங்க.

அமெரிக்கத் தொப்பின்னா கூடவே தபால்தலை மாதிரி ஓரம் பல்லு பல்லா உள்ள இன்னொரு சீட்டு இருக்கும், அது தொழிலாளர் சங்கத்து லேபிள். இது கெடச்சா அதிர்ஷ்டம்தான். "யுனைட்டெட் ஹேட்டர்ஸ் ஆஃப் நார்த் அமெரிக்கா"ன்னு மட்டும் இருந்தா அந்தச் சங்கம் 1896ல இருந்து 1934 வரைக்கும், அதுக்குப் பொறவு கேப்பு செய்யுதவங்க சங்கத்தோட சேந்து பேரு நீளமாயிட்டு, "ஹேட்டர்ஸ், கேப் அண்ட் மில்லினரி வொர்க்கர்ஸ்"னு வரும். அந்த நீளப் பேரு இருந்தா 1934ல இருந்து 1980களோட தொடக்கத்துக்குள்ள. ஒரு இஞ்ச் காயிதம், எத்தனை வருஷத்த ஒதுக்கித் தள்ளுது பாருங்க.

சைஸ் நம்பர்லயும் ஒரு சூட்சுமம் இருக்கு. தலைச் சுத்தளவ பை (3.14) கணக்குல வகுத்து இஞ்ச்ல சொல்லுததுதான் தொப்பி சைஸ். அமெரிக்க சைஸ் 7ன்னா ஏறத்தாழ 56 செ.மீ., இங்கிலாந்து சைஸ் 7ன்னா 57 செ.மீ. அரைக்கால் இஞ்ச் வித்தியாசம், அதாவது இங்கிலாந்து 7ம் அமெரிக்க 7⅛ம் ஒண்ணு. கம்பெனிப் பேரு அழிஞ்சுபோன தொப்பில டெய்லர் டேப்ப உள்ள சுத்திவிட்டு அளந்து, சீட்டு நம்பரோட ஒத்துப் பாத்தா எந்த நாட்டு அளவுன்னு ஒரு யூகம் வரும். தோலு சுருங்கி இருந்தா அளவு பொய்யாயிரும், அதனால இத துணைச் சாட்சியா மட்டும் வச்சுக்கிடுங்க.

அப்பறம் தையல். ஒரு லென்ஸ் வச்சு தோல்பட்டை தச்ச வரிய சுத்திப் பாருங்க. நூல் இல்லாம வெறும் ஊசி ஓட்டை வரிசையா இன்னொரு கோடு தெரியுதா? அப்பம் பட்டைய யாரோ மாத்தியிருக்காங்க. மேலப்பாளையத்துல ஒரு காயலான் கடைல நான் 400 ரூவாக்கு வாங்குன ஸ்டெட்சன்ல இதத்தான் பாத்தேன். லைனிங்ல பிலடெல்பியா முத்திரை, ஃபெல்ட்டு அருமையான முடி ஃபெல்ட்டு, ஆனா உள்பட்டை தோலே இல்ல, வழுவழுன்னு ரெக்சின். பழைய ஓட்டை வரிசை ரெக்சினுக்கு ரெண்டு நூல் தூரத்துல தனியா ஓடுது, பிரிம் ஓரத்துலயும் சுத்தி ஓட்டை, முன்னாடி ரிப்பன் ஓரம் தச்சிருந்திருக்கு. பட்டைய மாத்துனவரு பின்னாடி இருந்த சீட்டையும் லேபிளையும் சேத்துக் கழட்டிப் போட்டுட்டாரு. ஆக ஃபெல்ட்டு ஒரு காலம், பட்டை ஒரு காலம். இந்த மாதிரி தொப்பிக்கு ஒரே வருஷம் சொல்லக் கூடாது, ரெண்டையும் தனித்தனியாத்தான் எழுதணும்.

விலாசமும் விலையும்

வெளிநாட்டுக்காரங்க எழுதுன குறிப்புல இது கெடைக்காது, நம்ம பக்கத்துத் தொப்பிக்கு நானா சேத்துக்கிட்ட வழி.

தொப்பிப் பெட்டி, லைனிங், விலைச்சீட்டு, பில்லு எதுல விலாசம் இருந்தாலும் விடாதீங்க. ஆறு இலக்க பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்ட் 15க்கு பிந்துனது. "மதராஸ்-2" மாதிரி ஊர்ப் பேருக்குப் பின்னாடி ஒத்தை நம்பர் மட்டும்னா அதுக்கு முந்துனதா இருக்க வாய்ப்பு அதிகம். விலை ரூவா அணாவுல இருந்தா 1957 ஏப்ரலுக்கு முந்தி, நயா பைசான்னு இருந்தா 1957க்கும் 1964க்கும் நடுவுல. இங்கிலாந்து ஷில்லிங் விலைன்னா 1971 பிப்ரவரிக்கு முந்தி. அமெரிக்க விலாசத்துல அஞ்சு இலக்க ஜிப் நம்பர் 1963ல இருந்துதான் வரும். வட்டத்துக்குள்ள ஆர் எழுத்து போட்ட பதிவுக்குறி அமெரிக்காவுல 1946ல போட்ட சட்டத்தால வந்தது, அதனால அந்தக் குறி உள்ள ஒரு தொப்பிய 1920களோடதுன்னு யாராவது வித்தா வாங்காதீங்க.

கொழும்புக் கடைன்னா கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும். அங்க சதம் கணக்கு 1872லயே வந்துட்டு, அதனால "ரூவா, சதம்"னு இருக்க விலைச்சீட்டு நமக்கு ஒண்ணும் சொல்லாது. நம்ம ஊர் கணக்க அங்க போட்டு 1957க்கு பிந்துனதுன்னு நெனச்சு ஏமாறாதீங்க, நானே ரெண்டு வருஷம் அப்படித் தப்பா எழுதி வச்சிருந்தேன். அதுக்குப் பதிலா நாட்டுப் பேரப் பாருங்க: சிலோன்னு இருந்தா 1972 மே மாசத்துக்கு முந்தி அச்சடிச்சதுன்னு பெரும்பாலும் சொல்லலாம்.

வெளித்தோற்றம்

இத கடைசில வச்சதுக்குக் காரணம் இருக்கு, வடிவத்த பாத்து வருஷம் சொல்லுததுதான் எல்லாரும் செய்யுத தப்பு. ஃபெல்ட்ட ஆவில காட்டுனா எந்த வடிவத்துக்கும் வளையும், பிரிம வெட்டிக் குறைக்கலாம், ரிப்பன மாத்தலாம். பொதுவா சொன்னா 1930, 40கள்ல கிரவுன் (தலைய மூடுத மேல்பாகம்) உசரமா நேரா நிக்கும், பிரிம் ரெண்டரை இஞ்ச் பக்கம், ரிப்பனும் அகலம். 1950களோட கடைசில கிரவுன் மேல போகப் போக குறுகி குட்டையாகும், 60கள்ல பிரிம் ஒண்ணரை ரெண்டு இஞ்ச்க்கு வந்துட்டு, ரிப்பனும் ஒல்லியாப் போச்சு. பிரிம் ஓரத்துல தையலே தெரியாம ஃபெல்ட்டே மடங்கி உள்ள போயி அதோட ஒண்ணா ஆன மாதிரி இருந்தா அது கவனா ஓரம், நல்ல வேலைப்பாடு, விரலால தடவிப் பாத்து ரசிக்க வேண்டிய ஒண்ணு. ரிப்பன சுத்தி ஒரு மெல்லிசு கயிறும் நுனில சின்னப் பட்டனும் இருந்தா அது காத்துல பறக்காம கோட்டுல மாட்டிக்கிடுததுக்கு.

கணக்கு போடுதது எப்படின்னு ஒரு தொப்பில காட்டுதேன்

எங்க வீட்ல எல்லாரும் அந்தச் சாம்பல் தொப்பிய "தாத்தா கல்யாணத் தொப்பி"ன்னுதான் சொல்லுவாங்க. கல்யாணம் 1938ல. ஆச்சி இருக்குத வரைக்கும் அப்படித்தான் சொன்னா. நான் ஒரு நோட்டுல ரெண்டு பத்தி போட்டேன், "இதுக்கு முந்தி இருக்க முடியாது", "இதுக்கு பிந்தி இருக்க முடியாது". லைனிங்ல இரண்டாம் எலிசபெத் ராணி பேரு போட்ட அரண்மனை முத்திரை, ஆக 1952க்கு முந்தி இல்ல. தோல்பட்டைல அழிஞ்சது போக மிச்சம் "ஃபோர்ட், கொழும்பு, சிலோன்"னு இருக்கு, ஆக 1972க்கு பிந்தி இல்ல. சீட்டுல சைஸ் 7, டேப்புல 57 செ.மீ., இங்கிலாந்து அளவு ஒத்து வருது. தையல் ஒரே வரிசை, பட்டை மாத்துனதில்ல. கடைசியா தாத்தாவோட பாஸ்போர்ட்ட எடுத்துப் பாத்தா அவரு கொழும்புல இருந்து கடைசியா திரும்பி வந்தது 1958. ஆக 1952க்கும் 1958க்கும் நடுவுல. கல்யாணத் தொப்பி இது இல்ல.

அப்பறம் கல்யாண போட்டோவ எடுத்துப் பெருசாக்கிப் பாத்தேன். ஸ்டூடியோவுல எடுத்தது, தாத்தா கையில தொப்பிய பிடிச்சிட்டு நிக்காரு, அந்தத் தொப்பியோட பிரிம் ஓரத்துல ரிப்பன் கட்டியிருக்கு, நம்ம தொப்பில ஓரம் வெறுமனதான் இருக்கு, ஓட்டையும் இல்ல. வேற தொப்பி. அந்தக் காலத்து ஸ்டூடியோவுல கோட்டு தொப்பி எல்லாம் போட்டோவுக்குன்னே வச்சிருப்பாங்க, அதனால போட்டோல இருக்கதே தாத்தாவோடதான்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. குடும்பத்துல சொல்லுத கதைய எழுதி வைங்க, கண்டிப்பா எழுதி வைங்க, ஆனா வருஷத்த மட்டும் தொப்பிட்ட கேளுங்க.

எங்க தேடுதது, எப்படி வாங்குதது

சொந்தக்காரங்க வீடுதான் முதல் கடை. வீடு இடிக்காங்க, பாகம் பிரிக்காங்கன்னு கேள்விப்பட்டா ஒரு எட்டு போயி "அண்ணாச்சி, பழைய தொப்பி ஏதும் கெடந்தா தூரப் போட்டுராதீங்க"ன்னு சொல்லி வைங்க. பெட்டி, போட்டோ, பில்லு எல்லாத்தையும் சேத்துக் கேளுங்க, தொப்பி மட்டும் கேட்டா மத்தத எரிச்சிருவாங்க. 1964 சிரிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பொறவு இலங்கை மலையகத்துல இருந்து வந்த குடும்பங்கள்ட்ட கேக்கும்போது அது அவங்க எல்லாத்தையும் விட்டுட்டு வந்தப்ப கூட எடுத்துட்டு வந்த சாமான்ங்கத மனசுல வச்சுக் கேளுங்க, விக்க மனசில்லன்னா போட்டோ மட்டும் எடுத்துட்டு வந்துருங்க. காயலான் கடைல பழக்கம் பிடிச்சு வச்சா போன் பண்ணுவாங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடை வரிசையா இருக்கு, கெடைக்கும், ஆனா விலை கூட.

வாங்கதுக்கு முன்னாடி தொப்பிய சூரியனுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு உள்ள இருந்து பாருங்க. ஊசிமுனை வெளிச்சம் தெரிஞ்சா அந்துப்பூச்சி அரிச்ச ஓட்டை. கிரவுன் முன்பக்கம் கிள்ளிப் பிடிக்குத எடத்துல விரிசல் இருக்கான்னு பாருங்க, அந்த விரிசல சரி பண்ண முடியாது. தோலு ஒடைஞ்சது, ரிப்பன் வெளுத்தது, அழுக்கு இதெல்லாம் பயப்பட வேண்டாம்.

சுத்தம், வடிவம்

போட்டோ எடுத்து, எழுதி முடிச்சாச்சுன்னா இப்பம் தொடைக்கலாம். மெத்துன்னு ஒரு பிரஷ், இடது பக்கத்துல ஆரம்பிச்சு கடிகாரம் சுத்துததுக்கு எதிர்த்திசைல சுத்தி வாங்க, முடி படிஞ்சிருக்குத போக்கு பெரும்பாலும் அப்படித்தான். கருப்புத் தொப்பிக்கும் வெளிர் தொப்பிக்கும் தனித்தனி பிரஷ். எண்ணெய்க் கறை இருந்தா சோளமாவ தூவி ராத்திரி முழுக்க விட்டு காலைல தட்டுங்க. தண்ணில ஊற வைக்காதீங்க, சோப்புத்தூள் வேண்டாம், அயர்ன் பாக்ஸ நேரா வைக்கவே கூடாது, லாண்டரில கொடுக்கதும் வேண்டாம், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு சப்பளிஞ்ச கம்பளித் துண்டாத்தான் திரும்பி வந்துச்சு.

தோலு காஞ்சிருக்குன்னு தேங்காண்ணெய் தடவுதது நம்ம ஊர்ப் பழக்கம். செய்யாதீங்க. எண்ணெய் பட்டைய தாண்டி ஃபெல்ட்டுக்கு எறங்கி வெளிய ஒரு வட்டமா கறை ஏறும், கொஞ்ச நாள்ல சிக்கு வாடையும் வரும். தோலுக்குன்னு விக்குத கிரீம துளியூண்டு விரல்ல தொட்டு, தங்க எழுத்து இருக்குத எடத்த விட்டுட்டு தடவுங்க.

நசுங்கிப் போயிருந்தா ஆவிதான் வழி. வெந்நிக் கெட்டில் மூக்குல வார ஆவில ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு, எடம் இளகுனதும் விரலால பைய தள்ளி விடணும், ஒரே தடவைல நிமித்தப் பாக்காதீங்க. இட்லிக் கொப்பரை ஆவில பிடிக்காங்க சிலபேரு, தயவு செஞ்சு வேண்டாம், மேல பாதரசம் பத்திச் சொன்னேன்ல, சூடு பட்டா அது ஆவியா வரும். இதுக்குன்னு தனிக் கெட்டில், அடுக்களைல இல்லாம புறவாசல்ல, காத்து நம்ம முகத்துக்கு வராத பக்கம் நின்னு செய்யுங்க. பாதரசம் போட்ட காலத்துதுன்னு சந்தேகம் இருந்தா நான் ஆவியே காட்டுததில்ல, நசுங்குனபடியே வச்சிருக்கேன்.

வச்சுக்கிடுதது

பீரோ மேல வேண்டாம், நம்ம சித்திரை வெயில்ல மேல்தளத்துச் சூடு எல்லாம் அங்கதான் எறங்கும், தோலு சுருங்கி தொப்பியோட வாய இழுத்துரும். கார்ல விட்டுட்டுப் போகவும் கூடாது. மேசைல பிரிம் படுத மாதிரி வச்சா பிரிம் சப்பையாயிரும், மல்லாக்க கிரவுன் அடியில இருக்குத மாதிரி வைங்க. நான் சின்ன மண்கலயத்த கவுத்தி அதுமேல தொப்பிய வைக்கேன், பிரிம் எங்கயும் முட்டாம அந்தரத்துல நிக்கும், மண்ணு ஈரத்தயும் கொஞ்சம் இழுத்துக்கிடும். கலயம் புதுசா, நல்லா காஞ்சதா இருக்கணும். மேல துவைச்ச பழைய வேட்டித்துணி. பிளாஸ்டிக் கவர்ல போட்டு மூடிராதீங்க, தென்காசி குத்தாலம் பக்கம் சாரல் காலத்துல ஒரே வாரத்துல பூஞ்சை பிடிச்சிரும், ஐப்பசி கார்த்திகை அடைமழைலயும் அதே கதைதான். அந்த மாசங்கள்ல வாரம் ஒருதடவ தெறந்து பாருங்க.

பூச்சி இருக்கோன்னு சந்தேகம் வந்தா ரெண்டு கவர்ல போட்டு காத்து போகாம கட்டி, சாப்பாட்டுச் சாமான் வைக்காத ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க. வெளிய எடுத்ததும் கவர தெறக்காதீங்க, ஒரு நாள் அப்படியே கெடக்கட்டும், இல்லன்னா தொப்பில தண்ணி வேர்த்துரும். அந்துருண்டை போடுததா இருந்தா துணில முடிஞ்சு ஃபெல்ட்டுல படாம ஓரமா வைங்க. வேப்பிலை, வசம்பு நானும் போடுதேன், ஆனா அத மட்டும் நம்பி இருக்க மாட்டேன்.

கடைசில ஒவ்வொரு தொப்பிக்கும் ஒரு சின்ன அட்டை எழுதுங்க. பேனா மை ஊறும், பென்சில்ல எழுதுங்க, தோல்பட்டைக்குள்ள சொருகாம கலயத்துக்குப் பக்கத்துல வைங்க. யார்ட்ட இருந்து வந்துச்சு, என்ன தெரியும், எத வச்சுத் தெரியும், வீட்ல என்ன சொல்லுதாங்க. தாத்தா தொப்பி அட்டைல இப்படி இருக்கு: "சாம்பல், முடி ஃபெல்ட்டு, இங்கிலாந்து, சைஸ் 7. கொழும்புல வாங்குனது. 1952ல இருந்து 1958க்குள்ள. பட்டை எழுத்து பாதி அழிஞ்சது, நான் தொடச்சதால. ஆச்சி இத கல்யாணத் தொப்பின்னு சொல்லுவா."